கன்னத்தின் உயரம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்த்துவந்த அந்த அக்காவை எல்லாரும் மில்லி என்றுதான் கூப்பிட்டார்கள். மில்லிமீட்டர் என்பதன் சுருக்கம். முன்பக்கம் இருப்பவர்கள் கண்ணைச் சோதித்து எண்களை எழுதி உள்ளே அனுப்புவார்கள். இவர் லென்ஸை அறுத்து, ஓரம் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, திருகு முடுக்கிக் கொடுப்பார். எதிரே நிற்பவரின் இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேல் வைக்காமலே சொல்லிவிடுவார். யாராவது சந்தேகப்பட்டு ஸ்கேல் வைத்துப் பார்த்தால் அவர்கள் மூக்குதான் உடையும். "காதுக்குப் பின்னாடி அழுத்துதும்மா" என்று ஒருவர் வந்தால், முகத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பார். பிறகு ஃபிரேமின் காலைச் சூடான மணல் தட்டில் நொடி நேரம் புதைத்தெடுத்து, விரலால் லேசாக நெளித்துக் கொடுப்பார்.

"இப்போ?"

"அட, போட்டிருக்கிறதே தெரியலியே!"

அந்தப் பதில் வந்தால்தான் கண்ணாடி மேஜையை விட்டு நகரும்.

அவருடைய அண்ணன் மின்சார ஆபீஸில் வேலை பார்த்தார். வீடு வீடாகப் போய் மீட்டர் எண்களைக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. "அண்ணன் மீட்டர், தங்கச்சி மில்லிமீட்டர். ஒரே வீட்டுல எவ்வளவு வித்தியாசம் பாரு" என்று கடையில் கேலி செய்வார்கள். உண்மையிலேயே வித்தியாசம்தான். அண்ணன் நல்ல குண்டு. சத்தமாகச் சிரிப்பார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சுடும் பயிற்சி நடக்கிற ரேஞ்சுக்குப் போய்த் துப்பாக்கியோடு குப்புறப் படுத்துவிட்டால் அவர் வேறு ஆள். ஐம்பது மீட்டர் தூரத்தில், நெல்லிக்காய் அளவுகூட இல்லாத நடுப்புள்ளியில் திரும்பத் திரும்பக் குண்டைப் போடுவார். அந்த நேரத்தில் அவர் மூச்சுவிடுவதே தெரியாது என்பார்கள்.

அவர் சுட்ட துப்பாக்கி சாதாரணமானதல்ல. இரண்டு சகோதரர்கள் ஒரு சின்னப் பட்டறையில் கையால் செய்தது. மொத்தம் முப்பதுதான் செய்தார்கள், பிறகு பட்டறையை மூடிவிட்டார்கள். ஒவ்வொன்றின் குழலிலும் எண் பொறித்திருக்கும். இதன் எண் இருபத்திரண்டு. ரேஞ்சின் பழைய செயலாளருக்குப் பார்வை மங்கியபோது, "நல்லா சுடறவன் கையில இருக்கட்டும்" என்று அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த மாதிரித் துப்பாக்கியில் கன்னத்தைப் பதித்துக்கொள்ள ஒரு கட்டை உண்டு. அது ஒரு இரும்புத் தண்டின் மேல் நிற்கும். திருகைத் தளர்த்தி அதை ஏற்றலாம், இறக்கலாம். கன்னம் சரியான உயரத்தில் உட்கார்ந்தால்தான் கண் குறிக்கு நேராக வரும். ஒருவர் கன்னத்துக்கு வைத்தது இன்னொருவர் கன்னத்துக்குப் பொருந்தாது. மில்லி அக்காவுக்குத் துப்பாக்கியில் புரிந்த ஒரே விஷயம் இதுதான். "உன் துப்பாக்கியும் மூஞ்சிக்கு அளவெடுத்துப் பண்றதுதானா?" என்று ஆச்சரியப்பட்டார்.

அண்ணனுக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் தொண்டைக்குக் கீழே கட்டி வந்தது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ஒன்பது மாதம் இழுத்தது. சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு மளமளவென்று வற்றியது. அப்படியும் ஞாயிற்றுக்கிழமை ஆனால், "வண்டி கூப்பிடு" என்பார். மில்லி அக்காதான் கைத்தாங்கலாக அழைத்துப் போவார். கன்னத்தில் சதை குறையக் குறையத் தலை கீழே இறங்கி, குறி தப்பியது. அதனால் கட்டையைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். தங்கையின் கடையில் லென்ஸின் நடுவைக் குறிக்க வைத்திருக்கும் மெல்லிய மார்க்கர் பேனாவை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் தண்டில் ஒரு கோடு போட்டுவைத்தார்.

"பாத்தியா, என் வளர்ச்சியை? பொடிசுக்குச் சுவத்துல கோடு போடறோமே, அது மாதிரி" என்றார் ஒருநாள்.

பொடிசு என்பது அவருடைய ஒரே மகள். அப்போது ஒன்பது வயது.

மொத்தம் ஐந்து கோடுகள். முதல் கோட்டுக்கும் ஐந்தாவது கோட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. அந்த அகலத்துக்குள் ஒரு மனிதன் கரைந்துபோனான்.

இரண்டாவது கோடு போட்ட சமயத்தில் மில்லி அக்கா ஒரு முடிவு எடுத்தார். ஒருநாள் சாயங்காலம் பொடிசு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை. அதைப் பார்த்த மில்லி அக்கா அன்றைக்கே அண்ணியைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்ப் பேசினார்.

"அண்ணி, இவள உங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடலாம். அங்கயே ஸ்கூல்ல சேத்துடலாம். இதையெல்லாம் பாத்தா பயந்துடுவா. அவ மனசுல அண்ணன் பழைய அண்ணனாவே இருக்கட்டும்."

"அவர் தேடுவாரே."

"அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

சொன்னார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "சரி, உனக்குத் தெரியாததா" என்றார். படம் எடுக்கவும் யாரையும் விடவில்லை. "இந்த மூஞ்சிய எவனும் பிடிச்சு வைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார். தினமும் போனில் மகளோடு பேசினார், குரல் இருந்தவரைக்கும். ஐந்து மாதம் கழித்துச் செய்தி போய், பெரியம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரத் தரையில் செருப்போடு நின்று, "அப்பா எங்க?" என்று கேட்டாள். அதற்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் நினைவில்லை.

அண்ணன் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். வீடு, வேலை, மகள் படிப்பு என்று அண்ணிக்குச் சில வரிகள். கடைசியில், "துப்பாக்கி தங்கச்சிக்கு. அவ பாத்துப்பா." அவ்வளவுதான்.

அண்ணிக்கு அது கண்ணில் படவே கூடாது. மில்லி அக்காதான் பொறுப்பேற்றார். இத்தனைக்கும் அவர் வாழ்நாளில் ஒரு பட்டாசைக்கூடக் கையில் பிடித்து வெடித்ததில்லை. மனு எழுதி, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, போலீஸ் ஸ்டேஷனில் ஒரு அரை நாள் உட்கார்ந்து, லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். "என்னம்மா, யாரைச் சுடப்போறீங்க?" என்று அங்கே இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "யாரையும் இல்ல சார், சும்மா வச்சிருக்கப் போறேன்." வீட்டில் தன் அறையில் ஒரு இரும்பு அலமாரியைச் சுவரோடு சேர்த்து அடித்து, அதற்குள் பெட்டியை வைத்துப் பூட்டினார்.

சும்மாதான் வைத்திருந்தார். மாதம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து, குழலுக்கு எண்ணெய் விட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பார். கன்னக்கட்டையின் பக்கம் மட்டும் கை போகாது. அது ஐந்தாவது கோட்டில் நின்றது. அண்ணன் கடைசியாகக் கன்னம் வைத்த உயரம் அது. உலகத்தில் இருக்கிற அத்தனை முகங்களையும் அளக்கிறவர், அந்த உயரத்தை ஒருநாளும் அளந்து குறித்துக்கொள்ளவில்லை. அளக்க மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. அளந்து எழுதினால் அதுவும் கடையில் கிடக்கும் ஒரு ரசீதுபோல ஆகிவிடும் என்று தோன்றியது.

வருஷத்துக்கு ஒருமுறை ஒருவர் வருவார். பழைய துப்பாக்கிகளைச் சேர்ப்பவர். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் தொடுவார், அதனால் வீட்டில் அவருக்குக் கையுறைக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். முப்பதில் பன்னிரண்டு துப்பாக்கிகள் இருக்கிற இடம் அவருக்குத் தெரியும். இருபத்திரண்டாவதைப் பார்க்கும்போதெல்லாம் தொட்டில் குழந்தையைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்ப்பார், படம் எடுத்துக்கொள்வார்.

"குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்மா. ஆனா ஒண்ணு, யார் கையிலயும் சுடக் குடுத்துடாதீங்க. இனிமே இது சுடற சாமான் இல்ல, பாதுகாக்கற சாமான்."

மில்லி அக்காவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. தான் செய்வது சரி என்று யாரோ ஒருவர் சொல்கிறாரே.

பொடிசு பன்னிரண்டு வயதில் ரேஞ்சில் சேர்ந்தாள். யாரும் சொல்லவில்லை. அவளே போய், ரேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டர் முன்னால் நின்று, அப்பா பெயரைச் சொன்னாளாம். அண்ணி ஒரு வாரம் பேசாமல் இருந்தார், பிறகு விட்டுவிட்டார். ரேஞ்சின் பொதுத் துப்பாக்கியில் கற்றுக்கொண்டாள். பதினைந்து வயதில் அத்தையைவிட ஒரு சாண் உயரமாகிவிட்டாள், பெயர் மட்டும் பொடிசாகவே நின்றுவிட்டது. மாதா மாதம் அத்தை பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருவாள். துணி மடித்துக் கொடுப்பாள், எண்ணெய்ப் புட்டியை மூடுவாள். வேறு எதையும் தொட மாட்டாள். தண்டில் இருந்த கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"இது எதுக்கு அத்தை, அஞ்சு கோடு?"

"உங்கப்பா ஏத்தி ஏத்தி வச்சது."

"கடைசிக் கோடு எப்போ?"

"கடைசியாப் போனப்ப." மில்லி அக்கா குழலைத் துடைக்கத் திரும்பிவிடுவார்.

அந்த வருஷம் ஒருநாள் பொடிசு கேட்டாள். "ஒரு தடவை குடு அத்தை. ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போலாம்."

"அங்கதான் துப்பாக்கி இருக்கே."

"இது ஒரே ஒரு தடவை."

"ஒரு தடவை மாத்தினா மாத்தினதுதான். அப்புறம் அது அண்ணனோடது இல்ல."

பொடிசு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அத்தை பெட்டியை மூடிவிட்டார். அடுத்த வருஷமும் கேட்டாள், அதே பதில். மூன்றாவது தடவை, பதினேழு வயதில், கேட்கும்போதே அவள் குரல் தணிந்திருந்தது. "என்மேல நம்பிக்கை இல்லியா?" என்றாள். "நம்பிக்கை இல்லாம என்னடி? அண்ணனோடதுன்னு இருக்கறதே அது ஒண்ணு" என்றார் மில்லி அக்கா. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

பதினெட்டு வயதில் ஒரு பெரிய தேர்வுப் போட்டிக்குப் போனாள். அறுபது குண்டுகள். முதல் ஆறு பேருக்கு அணியில் இடம் உண்டு. மில்லி அக்கா கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது குண்டு வரைக்கும் பொடிசு மூன்றாவது இடத்தில் இருந்தாள். நாற்பத்தொன்றாவது குண்டு காரணமே இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கியது. அடுத்ததும் ஒதுங்கியது. அவள் மூச்சை அடக்கி, படுத்த நிலையைச் சரிசெய்து, மறுபடி சுட்டாள். இன்னும் ஒதுங்கியது. துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்தபோது, குறிபார்க்கும் வளையத்தின் திருகு தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. எத்தனையோ பேர் கை பட்ட பொதுத் துப்பாக்கி, மரை தேய்ந்துபோயிருந்தது. முடுக்கினார்கள், நிற்கவில்லை. கைக்குட்டை நூலைச் சுற்றி இறுக்கிக்கொண்டு மீதியைச் சுட்டு முடித்தாள். எட்டாவது இடம்.

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் திருகு முடுக்கிக் கொடுப்பவர் பின்வரிசையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது பொடிசு அழவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிப்போனாள். மாஸ்டர்தான் முன்சீட்டிலிருந்து திரும்பி, மெதுவாகச் சொன்னார். "உங்க வீட்ல இருக்கறதுல சுட்டிருந்தா இன்னிக்கு இவளுக்கு இடம் கிடைச்சிருக்கும்மா. நான் குத்திக்காட்டறதா நினைக்காதீங்க." மில்லி அக்கா ஜன்னலோரம் தூங்கும் பெண்ணின் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வழவழவென்று, நிறைந்த கன்னம். அப்பா கன்னம்.

ஒரு வாரம் அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு லென்ஸைத் தலைகீழாகப் பொருத்தி, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகத் திட்டு வாங்கினார். 'அவ பாத்துப்பா' என்று அண்ணன் எழுதினாரே, பூட்டி வைக்கவா எழுதினார்? மகள் கையில் தேய்ந்த துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, நல்லதை அலமாரியில் படுக்க வைத்தது யார்? செத்தவனுக்குக் காவல் இருந்து, இருக்கிறவளைக் கைவிட்டுவிட்டோமே என்று மனசு போட்டு அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைச் சாவியை வாங்கிக்கொண்டு, பெட்டியோடு பின்னறைக்குப் போனார். தன் மேஜையில், தன் விளக்கு வெளிச்சத்தில் துப்பாக்கியை வைத்தார். பொடிசுக்கு ஏழு வயதிலிருந்து கண்ணாடி செய்து கொடுத்தவர் அவர், அந்த முகத்தில் அவருக்குத் தெரியாத மில்லிமீட்டர் கிடையாது. அவள் பொதுத் துப்பாக்கியில் படுத்திருந்த விதத்தை எத்தனையோ தடவை பார்த்திருந்தார். கன்னக்கட்டையின் திருகைத் தளர்த்தினார். ஒன்பது வருஷம் அசையாத திருகு, சின்னதாக ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சுழன்றது. அந்தச் சத்தத்துக்கு வாய்விட்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கட்டையை இறக்கிப் பொடிசின் முகத்துக்கு வைத்து முடுக்கினார்.

கட்டை இறங்கிய பிறகும் தண்டில் ஐந்து கோடுகளும் வரிசையாகத் தெரிந்தன. சுடும்போது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் இடம். இவள் இதையே பார்த்துக்கொண்டிருப்பாள், கை நடுங்கும், மனசு உடையும் என்று நினைத்தார். இது அவளுடையதாகவே இருக்கட்டும், அப்பாவின் நோய் இதில் வேண்டாம். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்தார். லென்ஸைப் பொருத்தி முடித்ததும் மார்க்கர் குறியைத் துடைத்துவிட்டுக் கொடுப்பது அவருடைய அன்றாட வேலை. ஒரே இழுப்பு. தண்டு பளிச்சென்று ஆனது.

சாயங்காலம் நான்கு மணிக்கு ரேஞ்சுக்குப் போனார். பொடிசு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அத்தை கையில் பெட்டியைப் பார்த்ததும் பாட்டிலை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். ஒன்பது வயசுப் பிள்ளையின் முகம் அந்த ஒரு நொடி திரும்பி வந்தது என்று மில்லி அக்கா பிறகு சொல்வார். பெஞ்சில் பெட்டியை வைத்துத் திறந்தாள். கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு கன்னக்கட்டையின் பக்கம் நீட்டினாள். விரல் தண்டில் நின்றது.

"கோடு எங்க, அத்தை?"

"துடைச்சுட்டேன். உன் மூஞ்சிக்குச் சரியா வச்சிருக்கேன். படுத்துப் பாரு, உனக்கே தெரியும்."

அவள் படுக்கவில்லை.

"எதுக்குத் துடைச்சே?"

"அதையே பாத்துக்கிட்டு இருப்பே. கை நடுங்கும். புதுசா உன்னோடதா இருக்கட்டும்னுதான்..."

"நான் எப்ப மாத்தச் சொன்னேன்?"

"சுடத்தானே கேட்டே? மூணு தடவை கேட்டியே?"

"ஒரு தடவைன்னு கேட்டேன்." அவள் குரல் உயரவே இல்லை. "அப்பா வச்ச இடத்துலயே என் கன்னத்தையும் ஒரு தடவை வச்சுப் பாக்கணும்னு கேட்டேன். எனக்கு அப்பாவோட குண்டு மூஞ்சிதான் தெரியும், அத்தை. மத்தத நீங்க யாரும் எனக்குக் காட்டல. போட்டோகூட இல்ல. கடைசியில அது எப்படி இருந்துச்சுன்னு அந்தக் கோட்டுல மட்டும்தான் இருந்துச்சு."

மில்லி அக்கா துடைத்த தண்டைக் குனிந்து பார்த்தார்.

"இதைச் சொல்லிருக்கலாமேடி..."

"நீ பெட்டிய மூடிட்டே."

பிறகு பொடிசே கேட்டாள். "உனக்குத் தெரியுமில்ல? நீ மில்லிமீட்டராச்சே. திரும்ப வச்சுக் குடு."

மில்லி அக்கா திருகைத் தளர்த்திக் கட்டையை ஏற்றினார். இங்கேதான் என்று தோன்றிய இடத்தில் நிறுத்தினார். இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே. மறுபடி இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெய் போடும்போது பார்த்த தோற்றத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். ஐந்து தடவை வைத்தார், ஐந்தும் ஐந்து இடத்தில் நின்றன. யார் முகத்தையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் கண், அந்த ஒரு உயரத்தைத் தொலைத்துவிட்டிருந்தது. தொட அஞ்சி அஞ்சி, சரியாகப் பார்க்காமலே விட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆறாவது தடவை திருகைத் தளர்த்தும்போது பொடிசு அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும், விடு அத்தை. என்னை ஊருக்கு அனுப்பினப்பவும் சரி, இப்பவும் சரி, எனக்கு நல்லதுக்குத்தான் பண்ணே. தெரியும்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலையில் மில்லி அக்கா கையுறைக்காரருக்குப் போன் செய்தார். வருஷா வருஷம் நிறையப் படம் எடுத்தாரே, அதில் ஏதாவது ஒன்றில் தண்டு தெரியாதா என்று கெஞ்சினார். அவர் உற்சாகமாக முப்பது, நாற்பது படங்கள் அனுப்பினார். குழலின் எண், பட்டறையின் முத்திரை, மரத்தின் ரேகை, விசை. தண்டு ஒன்றில்கூட இல்லை. அந்த மாதக் கடைசியில் நேரிலேயே வந்து, கையுறை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தவர் முகம் மலர்ந்தார். "அந்தக் கோடெல்லாம் எடுத்துட்டீங்களா? நல்லதாப் போச்சும்மா. எப்பவோ சொல்லலாம்னு இருந்தேன், தப்பா நினைப்பீங்களோன்னு விட்டுட்டேன். இப்பத்தான் சுத்தமா இருக்கு." மில்லி அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார். துப்பாக்கியைக் கொடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

பொடிசு வெளியூரில் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் சேர்ந்தாள். கிளம்புகிற வரைக்கும் வீட்டில் எல்லாரோடும் நன்றாகவே பேசினாள். அத்தை கேட்டதற்கெல்லாம் "சரி அத்தை" என்றாள். அந்தச் 'சரி'தான் தாங்க முடியவில்லை. பெட்டியைத் திறக்கும் நாட்களில் பக்கத்தில் வந்து உட்காருவது நின்றுபோனது.

அவள் போன பிறகு ஒருநாள், மில்லி அக்கா அலமாரி முன்னால் சாவியோடு நின்றுகொண்டிருந்தபோது அண்ணி அறைக்குள் வந்தார். ஒன்பது வருஷத்தில் துப்பாக்கியைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

"தெரியல அண்ணி."

"இப்ப அதுல அவர் இல்ல. வெறும் துப்பாக்கி. சுடறவங்க சுடட்டும், குடுத்துடு."

கொடுத்துவிட்டார். மறுபடி மனு, மறுபடி ஆபீஸ். ரேஞ்சின் பெயருக்கு மாற்றி எழுதினார்கள். கையுறைக்காரர் விஷயம் கேள்விப்பட்டுப் போனில் புலம்பித் தீர்த்தார். எத்தனை பெரிய தப்பு, எத்தனை பேர் கை படும், ஒரே வருஷத்தில் மரம் கறுத்துப்போகும் என்றார். எல்லாம் உண்மைதான், கறுத்தது. ஒரு பஸ் கண்டக்டர் வந்து சுட்டார், பல் டாக்டர் ஒருவர் சுட்டார், கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் சுட்டார்கள். ஆளுக்கு ஆள் கட்டையை ஏற்றினார்கள், இறக்கினார்கள். மில்லி அக்கா மாதம் ஒரு ஞாயிறு போய், ரேஞ்சின் எல்லாத் துப்பாக்கிகளின் திருகுகளையும் சோதித்து முடுக்கிவிட்டு வருவார். யாரும் கேட்கவில்லை, அவரே ஏற்றுக்கொண்ட வேலை.

அடுத்த வருஷ விடுமுறையில் பொடிசு வந்தபோது, "நானும் வரேன்" என்று ஒரு ஞாயிறு உடன் கிளம்பினாள். ரேஞ்சில் இருபத்திரண்டை எடுத்தாள். யாரோ ஒருவர் முகத்துக்கு வைத்தபடி இருந்தது. அவள் திருகைத் தொடவில்லை, அப்படியே பாயில் படுத்துக் கன்னத்தை வைத்தாள். கண் குறிக்கு நேராக வரவில்லை, கழுத்தை வளைத்துக்கொண்டு பத்துக் குண்டு சுட்டாள். அட்டையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருந்தன. "அப்பா பாத்திருந்தா துடைப்பத்தால அடிச்சிருப்பாரு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. கன்னம் கட்டையின் மேலேயே இருந்தது.

"அத்தை, எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

மில்லி அக்கா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். "சாந்தமாத்தான் இருந்தாரு. வலியெல்லாம் அவ்வளவா..." என்று ஆரம்பித்தார்.

"அப்படி வேணாம், அத்தை. எனக்காக நல்லதாச் சொல்ல வேணாம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. மறந்திருந்தா மறந்துட்டேன்னு சொல்லு."

மில்லி அக்கா கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டார். கடையில் முகங்களைத் தொடுவதுபோல் தொடவில்லை. கட்டைவிரலால் கன்ன எலும்புக்குக் கீழே மெதுவாக அழுத்தினார்.

"இங்க பள்ளமா இருந்துச்சு. விரல் உள்ள போற அளவுக்கு. காது ரெண்டும் பெருசாத் தெரிஞ்சுது. பல்லும்தான். கண்ணாடி நிக்கல, மூக்குல வழுக்கிக்கிட்டே வந்துச்சு. நாலு தடவை நெளிச்சுக் குடுத்தேன். கடைசியில பஞ்சு வச்சுக் கட்டினேன்."

"வலிச்சுதா?"

"வலிச்சுது. ரொம்ப."

"என்னைக் கேட்டாரா?"

இத்தனை வருஷம் மில்லி அக்கா யாரிடமும் சொல்லாத பதில் அது.

"தினமும் கேட்டாரு. கூட்டிட்டு வர வேணாம்னு சொன்னது நான்தான்."

பொடிசு கண்ணை மூடிக்கொண்டாள். மூக்கோரமாக நீர் வழிந்து கட்டையில் இறங்கியது. அத்தையின் கையை விலக்கவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"அப்புறம் சொல்லு" என்றாள்.

"இடது பக்கம் எப்படி இருந்துச்சுன்னு நினைவில்ல. எப்பவும் வலது பக்கமாத்தான் உக்காந்திருப்பேன். இடது பக்கம் எனக்கு மறந்துபோச்சு."

"சரி. வலது பக்கம் சொல்லு."

மில்லி அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னால் பஸ் கண்டக்டர் தன் முறைக்காகத் தோட்டாப் பெட்டியோடு வந்து நின்றார். மாஸ்டர் அவர் தோளைத் தொட்டு, கொஞ்சம் இருக்கச் சொன்னார்.